செஞ்சோற்றுக் கடனும் சாப்பாட்டுப் படியும்

படைவீரன் ஒருவன் தன் முகாமை விட்டு வேறோர் ஊருக்குப் பணியின் பொருட்டு அனுப்பப்படுகிறான். அங்கே அவன் உண்ணும் சோற்றுக்கு யார் பணம் கொடுக்க வேண்டும்? கேட்பதற்கு மிகச் சிறிய கேள்விதான். கணக்கர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிடலாம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்றும் சிலர் கேட்கக்கூடும். ஆனால் நம் மொழியில் போரைப் பாடியவர்கள் எவரும் இக்கேள்வியைச் சிறியதாகக் கருதவில்லை. வேலையும் வாளும் பாடிய அதே மூச்சில் அவர்கள் சோற்றையும் பாடியிருக்கிறார்கள்.

அம்பத்தூரில் கூடும் நம் வாசகர் வட்டத்தில் அண்மையில் தொல்காப்பியப் புறத்திணையியலை எடுத்துக்கொண்டோம். வஞ்சித் திணையின் துறைகளுள் பெருஞ்சோற்று நிலை என்று ஒன்று உண்டு. படையெடுத்துச் செல்லும் வேந்தன் தன் வீரர்களோடு அமர்ந்து அவர்களுக்குப் பெருஞ்சோறு அளிப்பதைச் சொல்வது அது. சேரர்களில் உதியஞ்சேரலாதன் என்பவனுக்குப் 'பெருஞ்சோற்று' என்பது பெயரின் அடைமொழியாகவே நின்றுவிட்டது. பாரதப் போரில் இரு தரப்புப் படைகளுக்கும் அவன் சோறு வழங்கினான் என்று புறநானூற்றின் இரண்டாம் பாடல் புகழ்கிறது. அது முன்னோர்க்கு இட்ட படையலாக இருக்கலாம் என்று கொள்வாரும் உண்டு. எப்படியாயினும், ஒரு மன்னனை நினைவில் வைத்துக்கொள்ள அவன் வென்ற நாட்டைக் காட்டிலும் அவன் போட்ட சோறு போதுமானதாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது, மத்தியக் காவல் படையொன்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்று ஆவடிப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "செஞ்சோத்துக் கடன்னு சொல்றீங்க. சோறு போட்டாத்தானே ஐயா கடன்? காச வாங்கி, அதுல நானே அரிசி வாங்கி, நானே பொங்கித் தின்னா அதுல யாருக்கு என்ன கடன் இருக்கு?" என்றார். அன்றைக்கு எஞ்சிய நேரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே கழிந்தது. நம் வட்டத்தார் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. பெரும்பாலோர் எட்டிய நிலையையும் அதற்கான காரணங்களையும் இங்கே தொகுத்துச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். அரசு ஊழியர்களுக்குத் தரப்படும் அகவிலைப்படி, பயணப்படி ஆகியவற்றில் வரும் 'படி' தானியம் அளக்கும் படிதான் என்பதை நாம் அன்றாடம் மறந்துவிடுகிறோம். ஒருவனுக்குப் படியளப்பது என்றால் அவன் உண்ணப் பொறுப்பேற்பது என்றே பொருள். திரைப்படத் தொழிலாளரும் வாடகைக் கார் ஓட்டுநரும் நாள்தோறும் கேட்டு வாங்கும் 'பேட்டா' என்ற சொல்லுக்கு இன்னொரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் முகாமை விட்டு வெளியே செல்லும்போது கொடுக்கப்பட்ட கூடுதல் தொகைக்குப் பெயர் 'பட்டா'. அச்சொல்லின் மூலத்தை நெல்லையும் சோற்றையும் குறிக்கும் இந்தியச் சொற்களில் தேடுவோர் உண்டு. இன்று கோடம்பாக்கத்தில் வழங்கும் சொல் ஒரு காலத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆர்க்காட்டை நோக்கி நடந்த சிப்பாய்களின் வாயில் புழங்கிய சொல்லாகும். வெளியூரில் வேலை செய்பவனின் சாப்பாட்டுக்கு அவனை அனுப்பியவனே பொறுப்பு என்னும் எண்ணம் அந்தச் சொல்லோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது.

கம்பெனிப் படையின் வரலாற்றில் இந்த எண்ணம் எப்போதும் மதிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. வெள்ளைச் சிப்பாய்க்கு உணவு படையிலிருந்தே கிடைத்தது. இந்தியச் சிப்பாயோ அமைதிக் காலத்தில் தன் சம்பளத்திலிருந்து, படையோடு கூடவே நகரும் கடைத்தெருவில், அரிசியும் பருப்பும் தானே வாங்க வேண்டியிருந்தது. 1751இல் ராபர்ட் கிளைவ் ஏறத்தாழ இருநூறு ஐரோப்பியரோடும் முந்நூறு சிப்பாய்களோடும் சென்னையிலிருந்து புறப்பட்டு ஆர்க்காட்டைப் பிடித்தார். பிறகு ஐம்பது நாள் அங்கே முற்றுகையிடப்பட்டார். உணவு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள் என்றொரு கதை உண்டு. மெக்காலே அதைத் தம் கட்டுரையில் எழுதிப் புகழ்பெறச் செய்தார். கதை நடந்ததோ இல்லையோ, நூறாண்டுக் காலம் அதைச் சிப்பாயின் விசுவாசத்துக்கு உதாரணமாக மட்டுமே சொல்லிவந்தார்கள். சோறும் கஞ்சியும் பிரிகிற இடத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைப் பற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை.

அதே கிளைவ் 1766இல் வங்காளப் படையின் ஆங்கில அதிகாரிகளுக்கு வழங்கிவந்த இரட்டைப் பட்டாவை வெட்டியபோது, அவர்கள் கூட்டாகப் பதவி விலகுவதாக மிரட்டினார்கள். அவர்களுக்கு மாற்றாகச் சென்னையிலிருந்து அதிகாரிகளை வரவழைக்க வேண்டியிருந்தது. எண்பது ஆண்டு கழித்து அதே சிக்கல் வேறு வடிவில் நம் பக்கம் வந்தது. 1844இல் சென்னைப் படையின் 47ஆம் காலாட்படைப் பிரிவு சிந்து மாகாணத்துக்கு அனுப்பப்பட்டது. தொலைதூரப் பணிக்கு உயர்ந்த பட்டா உண்டு என்று சென்னை அரசு சொல்லியிருந்தது. மேலிடம் அதை ஏற்கவில்லை. பம்பாயில் இறங்கிய பிறகே சிப்பாய்களுக்குச் செய்தி தெரிந்தது. அணிவகுப்பிலேயே முணுமுணுப்பு வெடித்தது. அதிகாரிகள் வாங்கியது ராஜினாமாவுக்குரிய கோபம் என்றும், சிப்பாய்கள் காட்டியது கலகம் என்றும் ஏடுகளில் வேறுவேறாக எழுதப்பட்டது. இரண்டின் அடியிலும் இருந்தது ஒரே கேள்வி: 'எங்களை வெளியே அனுப்பியவர்கள் எங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறார்கள்?'

முதல் உலகப் போரின் நடுவில், 1917இல்தான், இந்தியச் சிப்பாய்க்கு அமைதிக் கால முகாமிலும் இலவச உணவுப் பொருள் என்ற ஏற்பாடு வந்தது. போருக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதே அதற்குக் காரணம். அரசின் இரக்கத்தைவிட அரசின் தேவையே படியை அளந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

இனி இன்றைய நிலை. இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. அம்பத்தூரிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தாண்டினால் ஆவடி. கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம், படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும் பயிற்சிப் பள்ளியும், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் என்று சீருடைகள் நெருங்கி வாழும் ஊர் அது. வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாச் சீருடையும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் சோற்று விஷயத்தில் அவை ஒன்றல்ல.

இராணுவச் சிப்பாய்க்கு உணவு பொருளாகவே வருகிறது. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு எத்தனை கிராம் அரிசி அல்லது மாவு, பருப்பு, எண்ணெய், காய்கறி, இறைச்சி என்று வகுத்த அளவு உண்டு. வழங்கல் பிரிவு அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றின் காவலருக்கோ பெரும்பாலும் உணவுப்படி என்ற பெயரில் பணமாக வருகிறது. அவர்கள் அந்தப் பணத்தைச் சேர்த்துப் பொதுச் சமையல் கூடம் நடத்துகிறார்கள். தங்களுக்குள்ளேயே ஒரு குழுவை அமைத்து, சந்தைக்குச் சென்று வாங்கி, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். நிலையான முகாமில் இந்த ஏற்பாடு ஓரளவு நன்றாகவே நடக்கிறது என்று நண்பரே சொன்னார். நூறு பேருக்கு மேல் சேர்ந்து சமைத்தால் செலவு குறையும். பிடித்ததைச் சமைத்துக்கொள்ளும் உரிமையும் கிடைக்கும்.

இடர்ப்பாடு முகாமின் வாசலைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது. தேர்தல் பணிக்காகத் தாம் ஒரு வடமாநிலத்துக்கு அனுப்பப்பட்டதை நண்பர் விவரித்தார். படைப்பிரிவு பல துண்டுகளாகப் பிரிந்து பல பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டது. பாத்திரங்களும் சமையற்காரரும் ஓரிடத்தில், ஆட்கள் ஓரிடத்தில். இரண்டு நாள் பன்னும் வாழைப்பழமும்தான் உணவு. மூன்றாம் நாள் ஊர்க்காரர் ஒருவர் அடுப்பு தந்தார். கைப்பணம் போட்டு வாங்கிய அரிசிக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அந்தக் கடைக்காரருக்குப் பற்றுச்சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. "அந்தக் காசு இன்னும் வரல. வரும்னு நானும் எதிர்பார்க்கல" என்றார் அவர். இதை அவர் மனக்குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். நம்மை வருத்தியது அந்தத் தொனியே.

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ் என்ற காவலர் காஷ்மீர் எல்லையிலிருந்து ஒரு காணொளியை வெளியிட்டார். கருகிய ரொட்டியையும், மஞ்சளும் உப்பும் மட்டும் கலந்த நீர்போன்ற பருப்பையும் காட்டிப் பேசினார். நாடு சில வாரம் கொதித்தது. படை அவருடைய குற்றச்சாட்டை மறுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் ஒழுங்கை மீறினாரா என்பது தனி வழக்கு. அதற்குள் நாம் நுழையவில்லை. தன் உணவைப் பற்றிப் பேச ஒரு வீரனுக்குக் கைப்பேசியைத் தவிர வேறு வாய் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் நம் கேள்வி. சோற்றைப் பணமாக மாற்றியவுடன், சோறு சரியில்லை என்ற முறையீடு 'உங்கள் பணத்தை நீங்களே சரியாகச் செலவிடவில்லை' என்ற பதிலுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. பொறுப்பு மெல்ல இடம் மாறிவிடுகிறது.

பொருளாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவரவில்லை. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, சியாச்சின் போன்ற மிக உயரமான இடங்களில் பணியாற்றும் வீரர்களின் சிறப்பு உணவைப் பற்றிப் பேசியது. அங்கே தரவேண்டிய பொருள் கிடைக்காவிட்டால் மாற்றுப்பொருள் தரலாம். ஆனால் அதை விலைக்கு விலை ஈடாகத் தர வேண்டும் என்பது விதி. மாற்றுப்பொருளின் விலை கூடுதலாக இருந்தால் அளவு தானே குறைந்துவிடும். இப்படியாகச் சில நேர்வுகளில் வீரனுக்குக் கிட்டிய கலோரி 82 விழுக்காடு வரையில் குறைந்துபோனது என்று அறிக்கை சுட்டியது. கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. தட்டில் மட்டும் குறைந்தது. படியை ரூபாயில் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இனி எதிர்வாதம். நம் வட்டத்திலேயே கணக்குத் துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் அதை வலுவாக எடுத்துரைத்தார். "வீட்டில் இருந்தாலும் அவர் சாப்பிடத்தானே செய்வார்? சம்பளம் என்பது அதற்கும் சேர்த்துத்தானே? வெளியூரில் ஆகும் கூடுதல் செலவை மட்டும் கொடுத்தால் போதாதா? ஆசிரியர் தேர்தல் பணிக்குப் போகிறார், மின்வாரிய ஊழியர் புயலுக்குப் போகிறார். அவர்களுக்கு ஒரு நியாயம், துப்பாக்கி பிடித்தவருக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டார்.

இந்த வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. அரசும் ஒரு முறை இதே வழியில் நடந்து பார்த்தது. அமைதிப் பகுதிகளில் பணியாற்றும் இராணுவ அதிகாரிகளுக்குப் பல்லாண்டுகளாக இலவச உணவுப் பொருள் வழங்கப்பட்டுவந்தது. ஏழாவது ஊதியக்குழு அது தேவையில்லை என்றது. 2017 ஜூலை முதல் பொருள் நின்று, நாளொன்றுக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகை அதிகாரிகளின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. அந்தத் தொகையில் அதே பொருள்களைக் கடையில் வாங்க முடியாது என்ற முறையீடு எழுந்தது. 2019 ஜூனில் அரசு மீண்டும் பொருளாகவே கொடுக்க முடிவு செய்தது.

இந்த விஷயத்தில் நம் நிலைப்பாடு சிலருக்கு வியப்பளிக்கலாம். மனைவி மக்களோடு ஒரே ஊரில் வாழ்ந்து, மாலையில் வீடு திரும்பித் தன் வீட்டு அடுப்பில் சமைத்ததை உண்ணும் அதிகாரிக்கு இலவச உணவுப் பொருள் தேவைதானா என்ற ஊதியக்குழுவின் ஐயத்தில் நியாயம் இருந்ததாகவே நாம் எண்ணுகிறோம். அது ஒரு சலுகை. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டு அடுப்பிலிருந்து ஒருவரைப் பிரித்து அனுப்பும் கணத்தில் கணக்கு மாறிவிடுகிறது. வீட்டில் நால்வருக்குச் சமைக்கும் செலவும் மூவருக்குச் சமைக்கும் செலவும் ஏறக்குறைய ஒன்றே என்பதை எந்த இல்லத்தரசியும் சொல்வார். வெளியே போனவருக்கு ஆகும் செலவு முழுவதும் புதிய செலவு. 'வீட்டில் இருந்தாலும் சாப்பிடுவாரே' என்பது ஏட்டில் சரி, அடுப்பில் சரியில்லை.

ஆசிரியருக்கும் மின்வாரிய ஊழியருக்கும் சாப்பாடு தர வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் தரத்தான் வேண்டும். ஆனால் படைவீரனுக்கு ஒரு வேறுபாடு உண்டு. அவன் மறுக்க முடியாது. எங்கே தங்குவது, எப்போது உண்பது, எந்தக் கடைக்குப் போவது என்பதில் அவனுக்குத் தெரிவு இல்லை. காவல் நிற்கும் இடத்தை விட்டு அகன்று உணவகம் தேடினால் அது குற்றம். தெரிவு செய்யும் உரிமையை எடுத்துக்கொண்டவர், தெரிவின் செலவை மட்டும் அவனிடம் விட்டுவைப்பது எப்படிப் பொருந்தும்?

ஆவடியில் வாழ்பவருக்கு இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளிவந்தது. இன்று டி-90 டாங்கி அங்கே உருவாகிறது. அதன் தொட்டிகளில் ஆயிரம் லிட்டருக்கு மேல் டீசல் பிடிக்கும். உள்ளே மூவர் அமர்வர். அந்த டாங்கியை ராஜஸ்தான் மணலுக்குக் கொண்டுசெல்லும்போது, 'இங்கே நின்றாலும் கொஞ்சம் டீசல் செலவாகியிருக்கும், ஆகவே கூடுதலாக ஆனதை மட்டும் தருகிறோம், பற்றுச்சீட்டோடு வாருங்கள்' என்று ஓட்டுநரிடம் எவரும் சொல்வதில்லை. டீசல் பணியின் பகுதி என்பது எல்லோருக்கும் தெரிகிறது. உள்ளே இருக்கும் மூவர் உண்ணும் சோறும் பணியின் பகுதியே. அதைச் சம்பளத்தின் பகுதியாகப் பார்க்கும் கண்தான் திருத்தப்பட வேண்டியது.

இதே அம்பத்தூரில் தொழிலாளர் விஷயத்தில் நாடு இதைவிடத் தெளிவாக நடந்துகொண்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் நடத்தும் பொறுப்பை முதலாளியின்மேல் சுமத்த வழிசெய்தது. 1960களில் தொழிற்பேட்டை எழுந்து, லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகியபோது, பெரிய ஆலைக்குள் சலுகை விலைச் சாப்பாட்டுக்கு வரிசையும், சிறிய பட்டறைக்கு வெளியே தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டமும் அன்றாடக் காட்சிகளாயின. முந்தையவர் கொடுத்து வைத்தவர், பிந்தையவர் இல்லாதவர் என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளியே அனுப்பப்பட்ட வீரன் அந்தத் தள்ளுவண்டித் தொழிலாளியின் நிலைக்கு வந்துவிடுகிறான். அதுவும் தள்ளுவண்டி இல்லாத ஊரில்.

தனியாளாக வேறோர் ஊருக்கு அலுவல் நிமித்தம் செல்பவரின் சாப்பாட்டுக்கு ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் 2017இல் நிர்ணயிக்கப்பட்ட தொகைகளையும் நாம் பார்த்தோம். ஊதிய நிலை ஐந்தும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய். படிப்படியாக உயர்ந்து, நிலை பதினான்கும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 1200 ரூபாய். சிப்பாய் முதற்கூட்டத்தில், மேஜர் ஜெனரல் கடைசிக் கூட்டத்தில். பதவிக்கேற்ப அறை வேறுபடலாம், வண்டி வேறுபடலாம். இருவரும் ஒரே ஊரில், ஒரே விலைவாசியில் உண்ணும்போது பசி மட்டும் பதவி பார்த்தா எழுகிறது? எழும் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் வெயிலில் நிற்பவனுக்கல்லவா கூடுதலாக எழ வேண்டும்? பெருஞ்சோற்று நிலையில் வேந்தன் வீரரோடு உடன் அமர்ந்தான் என்பதை இந்த இடத்தில் மீண்டும் நினைத்துக்கொண்டோம்.

பிற நாடுகளிலும் இக்கேள்வி தீர்ந்துவிடவில்லை. பிரிட்டன் 2000களின் நடுப்பகுதியில் 'உண்டதற்கு மட்டும் பணம்' என்ற முறையைத் தன் படைமுகாம்களில் கொண்டுவந்தது. இளம் சிப்பாய்கள் மாதத் தொடக்கத்தில் வேறு வகையில் செலவழித்துவிட்டு மாதக் கடைசியில் அரைவயிற்றோடு இருக்கிறார்கள் என்ற குறை எழுந்தது. ஆனால் அங்கும் போர்முனைக்கு அனுப்பப்பட்டவரிடம் சாப்பாட்டுக்குப் பணம் வாங்குவதில்லை. அமெரிக்கா உணவுப்படியைச் சம்பளத்தோடு கொடுத்து, படையின் சமையற்கூடத்தில் உண்டால் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையில் இந்திய வீரர்கள் பெருந்தொகையாகப் பணியாற்றுகிறார்கள்; அங்கே வீரனின் நாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதத்தொகை தருவதோடு, களத்தில் உணவுப் பொருளைச் சபையே வழங்குகிறது. அழைத்தவர் சோறு போடுகிறார். இந்த மூன்றில் கடைசியே நம் பழைய மரபுக்கு மிக நெருங்கி நிற்கிறது.

அழைத்தவர் யார் என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் அதன் புறநகரும் மூழ்கியபோது இராணுவமும், அரக்கோணத்தில் நிலைகொண்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. கொரட்டூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்திருந்தது. நகர் முழுவதும் இளைஞர்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பொட்டலம் கட்டிப் பாதிக்கப்பட்டவருக்கும் மீட்க வந்தவருக்கும் சேர்த்தே உணவு கொடுத்தார்கள். அது நம் ஊர் என்றும் பெருமைப்படக்கூடிய செயல். ஆயினும் மக்களின் ஈகையை நம்பி அரசு தன் வீரரை அனுப்பலாகாது. ஈகை உண்டு என்பதால் கடமை இல்லாமல் போவதில்லை.

மத்திய அரசின் படையை மாநிலம் அழைத்தால் செலவை மாநிலத்திடம் கேட்பது நெடுநாள் வழக்கம். 2024 வயநாடு நிலச்சரிவு உள்ளிட்ட பேரிடர்களின் மீட்புப் பறத்தல்களுக்காகக் கேரளத்திடம் 132 கோடி ரூபாய்க்கு மேல் கேட்கப்பட்டது 2024 டிசம்பரில் பெரும் சர்ச்சையானது. இரண்டு அரசுகள் தங்களுக்குள் வழக்காடட்டும், ஆண்டுக்கணக்கில்கூட வழக்காடட்டும். அந்த வழக்கு முடியும் வரை வீரனின் தட்டு காத்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நம் வேண்டுகோள். முதலில் சோறு, பிறகு கணக்கு.

எனவே நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. தன் அடுப்பிலிருந்து பிரித்து அனுப்பப்பட்ட வீரனின் உணவு அனுப்பிய அரசின் செலவு. அவனுடைய சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாகாது. இயன்ற இடமெல்லாம் அது சமைத்த உணவாகவோ பொருளாகவோ தரப்பட வேண்டும். அதன் அளவு ரூபாயில் அன்றி உணவின் சத்தில் அளக்கப்பட வேண்டும். படை துண்டுகளாகப் பிரிந்தால் சமையலும் பிரிந்து செல்ல வேண்டும். மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் கெடாத உப்புமாவும் புலவும் செய்யும் வழியைப் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்ட நாட்டில், முதல் இரண்டு நாளுக்கு உணவுப் பொதி கொடுத்தனுப்புவது கடினமான செயல் அன்று. எதுவும் இயலாத இடத்தில் பணம் தரலாம். அதைப் புறப்படும் முன்பே தர வேண்டும், பதவி பாராமல் தர வேண்டும், கிராமத்துக் கடையின் பற்றுச்சீட்டைக் கேளாமல் தர வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்ற கேள்வி வரும். வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தில் வெல்லும் படைக்கு இருக்கலாகாதவை என்று மூன்றைச் சொல்லி, அவற்றுள் வறுமையையும் சேர்த்திருக்கிறார். படையின் வறுமை என்பதைப் பீரங்கி இல்லாமை என்று மட்டுமே நாம் இதுவரை படித்துவந்தோம். நண்பரின் பேச்சைக் கேட்ட பிறகு, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பன்னைப் பிய்த்துத் தின்னும் காவலரையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

செஞ்சோற்றுக் கடன் என்பதை நம் இலக்கியமும், 1964இல் வந்த 'கர்ணன்' திரைப்படமும், மேடைப் பேச்சாளரும் எப்போதும் உண்டவனின் பக்கமிருந்தே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். உண்டவன் உயிரைக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன் அது. நம் நாட்டு வீரர்கள் அதைத் தீர்க்கத் தவறியதில்லை. அவர்கள் தீர்த்துக்கொண்டிருக்கும் கடனுக்கு ஈடான சோறு உரிய வேளையில் உரிய இடத்தில் பரிமாறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் வரி கட்டும் நாம்தான். அந்தக் கேள்வியைத் தேர்தல் பணிக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கும் வெளிமாநிலக் காவலரிடமிருந்தே தொடங்கலாம். 'சாப்பிட்டீர்களா' என்று விசாரிப்பதோடு நில்லாமல், 'யார் காசில் சாப்பிட்டீர்கள்' என்பதையும் கேட்டு, கிடைக்கும் பதிலை நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுவோம்.